பாலத்துக்கு அடியில் கப்பல் போகுமா?



பினாங்குப் பாலத்தில் பஸ்ஸில் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 1985-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் கரையிலிருந்து தாழ்வாகவே சென்று, நடுக்கடலில் மட்டும் மேடேறி இறங்குகிறது. கப்பல்கள் அடியில் போய்வர விட்ட வழி அது. அங்கே 225 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூணே கிடையாது. ஆனால் அகலம் மட்டும் இருந்தால் போதுமா? உயரமும் வேண்டுமே!

பாலத்தின் உயரத்திலிருந்து கப்பலின் உயரத்தைக் கழித்தால் கணக்கு முடிந்தது என்று தோன்றும். அப்படியல்ல. கடல் ஏறும்போது இடைவெளி குறையும், வற்றும்போது கூடும். கப்பலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி அமுங்கி நிற்பதையும், குலையை இறக்கியதும் எழும்புவதையும் தோட்டத்தில் தினமும் பார்க்கிறோம். சரக்கேற்றிய கப்பல் நீரில் ஆழ்ந்து போகும். வெறுங்கப்பல் உயர்ந்து மிதக்கும். ஆகவே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலுக்குத்தான் பாலத்தடியில் கவனம் அதிகம் வேண்டும். அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கப்பலைத் தாழ்த்துவதும் உண்டு.

2009-இல் பின்லாந்தில் கட்டி முடித்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற உல்லாசக் கப்பல், டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. கப்பலின் உயரம் 72 மீட்டர். பாலத்தடியில் இருந்ததோ 65 மீட்டர். இதை முன்பே கணக்கிட்டு, புகைபோக்கிகளை உள்ளே இறக்கும்படி செய்திருந்தார்கள். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் சற்று அமுங்கும் என்பதால் வேகத்தையும் கூட்டினார்கள். ஏறக்குறைய இரண்டடி இடைவெளியில் கப்பல் பத்திரமாகக் கடந்தது.

எல்லாப் பயணமும் அப்படி முடிவதில்லை. 2025 மே 17-ஆம் தேதி நியூயார்க்கில், மெக்சிகோ கடற்படையின் பயிற்சிக் கப்பல் ‘குவாத்தெமோக்’ துறையை விட்டுக் கிளம்பியது. அது பாலத்தடியில் போகவேண்டிய கப்பலே அல்ல. ஆனால் பின்னோக்கி நகர்ந்து, புரூக்ளின் பாலத்தை நோக்கிப் போய்விட்டது. பாலத்தடியில் சுமார் 41 மீட்டர்தான் இடைவெளி. கொடிமரங்களோ அதைவிட உயரம். மூன்று கொடிமரங்களும் முறிந்தன. விடைபெறும் மரியாதைக்காக அவற்றின் மேல் அணிவகுத்து நின்ற இளம் மாலுமிகளில் இருவர் உயிரிழந்தனர். பலர் காயமடைந்தனர்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். தாழ்வான பாலங்களின் முன்னே உயர அளவு எழுதிய பலகை இருக்கும். அது வண்டிக்கும் சுமைக்கும் சொன்ன அளவு. சுமைக்கு மேலே ஏறி உட்காரும் பையனின் தலை அந்தக் கணக்கில் இல்லை. லோரி ஓட்டும் அண்ணன்மார்களே, கிளம்புமுன் ஒருமுறை இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். தாய்மார்களே, பிள்ளைகளைச் சுமையின் மேல் ஏறவிடாதீர்கள்.