ஃபிரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

மேப்பிள் விதை நம்மூர் வெயிலில் முளைக்குமா என்று கேட்டு வருபவர் கையில் பெரும்பாலும் ஒரு பாக்கெட் இருக்கிறது. இணையத்தில் வாங்கியது; உறையில் நீல இலைப் படம். நீல மேப்பிள் என்று ஒரு மரம் உலகில் கிடையாது. அதை அவரிடம் சொல்லத் தயங்கும் நர்சரிக்காரர்களும் நம்மிடையே உண்டு.

முளைக்கவைப்பது பெரிய வித்தையல்ல. ஜப்பான் மேப்பிள் விதையைத் தூங்கவைப்பதில் அப்சிசிக் அமிலத்துக்குப் பெரும் பங்கு. ஈரமும் குளிரும் சேர்ந்து நீடித்தால்தான் அதன் பிடி தளரும். விதையை ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்தால் சொட்டாத அளவு நனைந்த தென்னை நார்த்தூளில் கலந்து, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 3 முதல் 5 டிகிரியில் 90 முதல் 120 நாள் வைக்கலாம். ஃப்ரீசர் கூடாது. அவ்வப்போது பையைத் திறந்து பூஞ்சை பிடித்ததை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை மேப்பிள் இன்னும் விசித்திரம்: உறைநிலைக்கு ஒரு டிகிரி மேலே, பைக்குள்ளேயே வேர் நீட்டும், சூடு கண்டால் முளைப்பு சரிந்துவிடும். முளைத்ததை மாற்றி நட்ட பிறகு நிழல்வலையும் அளவான தண்ணீரும் முக்கியம். மேப்பிள் நாற்றுகளை அதிகம் கொல்வது நாற்றழுகல்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஃபிரிட்ஜ் தருவது ஒரே ஒரு குளிர்காலம். மரமோ அதை ஆண்டுதோறும் கேட்கும். போதிய குளிர் கிடைக்காத மொட்டுகள் தாறுமாறாக விழிக்கும், சில விழிக்கவே விழிக்காது. கோடையில் இலை விளிம்பு கருகும். தொட்டியில் வைத்தாலோ வேரும் சேர்ந்து வேகும்.

ஆகவே விதை வாங்குமுன் நாம் கேட்க வேண்டியது, தாய்மரம் எங்கே நின்றது என்பதே. செம்மேப்பிள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து முதல் புளோரிடாவின் தென்பகுதி வரை இயற்கையாக வளர்கிறது. பெயர் ஒன்று, பழக்கம் வேறு. வடக்கத்தி விதையிலிருந்து வந்த மரம் புளோரிடாவில் திணறும். அவ்வூர்த் தாய்மரத்தின் கன்று தழைக்கும். அதன் விதை இளவேனிலிலேயே முதிர்ந்து உதிர்வதால், பெரும்பாலும் ஃபிரிட்ஜும் வேண்டாம். ஈர மண்ணில் உடனே விதைக்கலாம்.

பனியையே அறியாத மேப்பிளும் இருக்கிறது. ஏசர் லாரினம் ஜாவா, சுமத்ரா மலைக்காடுகளில் பசுமை மாறாமல் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இயற்கையாகப் போன மேப்பிள் இனம் அது ஒன்றுதான். இமயமலை அடிவாரத்தில் ஏசர் ஒப்லாங்கம். இரண்டுக்கும் இலை விரல்விரலாகப் பிரியாது என்பதால் வாடிக்கையாளர் மேப்பிள் என்றே நம்பமாட்டார்!

அவர் கேட்பது சிவப்பைத்தான். இலையுதிர்காலச் சிவப்புக்குக் குளிர்ந்த இரவும் வெயிலடிக்கும் பகலும் வேண்டும். இரவு புழுங்கும் ஊரில் மரம் பிழைத்தாலும் இலை பழுப்பாகித்தான் விழும். இதைக் காசு வாங்குமுன் சொல்லிவிடுங்கள். சிறகுக் காய் போதும் என்பவருக்கு நம் வறண்ட குன்றுகளின் விராலி இருக்கிறது. மேப்பிளின் குடும்பமேதான், காயும் சிவக்கும்.