பயணச்சீட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம்?



அண்மையில் ஒருநாள் காலை, கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மகள் முதல்நாள் மாலைதான் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் புறப்பட்டிருந்தார். உம்மம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேணும் மிஸ். பன்னிரண்டாகியும் போன் வரல்ல. பிள்ளையும் நானும் அழுதபடி இருந்தோம்" என்றார். அழைப்பு வரும்போது இரவு ஒன்றரை மணியாம்.

பயணச்சீட்டின் பிரதியைப் பார்த்தேன். புறப்படுவது மாலை 6.30, சேருவது இரவு 9.30. மூன்று மணித்தியாலப் பயணம் என்று நினைத்துவிட்டார்கள். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் நமது நாட்டு நேரம்; சேரும் நேரம் அந்த நாட்டு நேரம். குவைத் நமக்கு 2½ மணித்தியாலம் பின்னால். அங்கே 9.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. கட்டுநாயக்கவிலிருந்து குவைத் சுமார் 4,100 கிலோமீற்றர். நேர் விமானத்துக்கே ஏறக்குறைய 5½ மணித்தியாலம் வேண்டும். இறங்கிய பின் வெளியே வரவும் நேரமெடுக்கும்.

"தொண்ணூறில மன்னாரிலிருந்து தோணியில வந்தப்பவும் இப்படித்தான். பின்னால வந்த தோணி கரை சேர்ந்ததா என்று தெரியாம இந்தக் கடற்கரையில குந்தியிருந்தோம்" என்றார் உம்மம்மா.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல. ஒரு சின்னக் கணக்குத் தெரியாததால் அவர் அதை மீண்டும் ஓர் இரவு அனுபவித்திருக்கிறார்.

ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சவூதி அரேபியா, கட்டார், பஹ்ரைன் ஆகியவையும் குவைத்தைப் போலவே 2½ மணித்தியாலம் பின்னால். டுபாய், அபுதாபி, ஓமான் 1½ மணித்தியாலம் பின்னால். முன்பு போய்வந்த ராத்தாமார் "மூன்று" என்பார்கள். 2006 ஏப்ரல் வரை நமது கடிகாரம் அரை மணித்தியாலம் முன்னே இருந்ததால் அன்று அது சரி, இன்று சரியல்ல.

இடையில் விமானம் மாறுவதானால் அங்கு காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். பயணச்சீட்டில் 12ஆம் திகதி அதிகாலை 1 மணி என்றிருந்தால், 11ஆம் திகதி மாலையே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். கற்பிட்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். விமான நிலையத்தில் இன்னும் மூன்று. திகதியைப் பிழையாக விளங்கி விமானத்தைத் தவறவிட்டால், கடன்பட்ட காசும் போய்விடும்.

பயணச்சீட்டின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். கணக்கிட்ட நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் முகவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள்.

புறப்படுமுன் நாட்காட்டியின் பின்புறம் இரண்டு கடிகாரங்கள் வரைந்து கொடுத்தேன். இங்கே காலை ஏழு, அங்கே நாலரை. பேத்தி பார்த்துவிட்டு, "நான் பள்ளிக்கூடம் போகக்குள்ள உம்மா நித்திரையா மிஸ்?" என்று கேட்டாள்.

"ஓம் மகள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பேசுங்கள்" என்றேன்.