ஓட்டமும் ஒரு பதனிடுதலே

நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக நெடுந்தூரம் ஓடும் வழக்கம் நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. மும்பையில் 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை சேர்க்கும் பெரிய வாய்ப்பாக வளர்ந்துள்ளது. “நான் இத்தனை கிலோமீட்டர் ஓடி முடிக்கிறேன், நீங்கள் இன்ன பணிக்கு உதவுங்கள்” என்று ஓடுபவர் தமக்குத் தெரிந்தவர்களைக் கேட்கிறார். போற்றத்தக்க முயற்சிதான். ஆனால், நோக்கம் நல்லதாக இருந்தால் உடல் தானாக ஒத்துழைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். உடலுக்கு நோக்கம் தெரியாது; ஆற்றலும் வெப்பமும் விசையுமே தெரியும். ஆகவே, பயிற்சியின்றி ஓடுவது தர்மத்துக்குச் செய்யும் சேவையாகாது என்பதே என் கருத்து. காரணங்களைக் கணக்கிட்டே பார்ப்போம்.

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரம் 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. கணியம்பாடிச் சாலை வழியே பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குப் பேருந்துகள் நிறைந்து போவதை நம் பகுதி மாணவர்கள் அறிவீர்கள். அங்குள்ள கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. அதை இடைவிடாமல் மூன்று முறை ஓடிச் சுற்றினால் ஒரு மாரத்தான்.

ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தம் ஏறக்குறைய 2,500 கிலோ கலோரி தேவை. தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமித்துள்ள ஆற்றலோ சுமார் 2,000 கிலோ கலோரிதான். அது 30 அல்லது 35-ஆவது கிலோமீட்டரில் தீர்ந்துவிடுகிறது. உடலில் கொழுப்பு நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைக்கும். அதை எரிக்க ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். ஆகவே கால்கள் திடீரென ஈயம்போல் கனக்கின்றன. மாதக்கணக்கில் பயிற்சி செய்தவரின் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகியிருக்கும். அவர் தொடக்கத்திலிருந்தே கொழுப்பையும் சேர்த்து எரித்துக் கிளைக்கோஜனைச் சிக்கனமாகச் செலவிடுகிறார்.

அடுத்தது வெப்பம். செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது சுமார் 1,900 கிலோ கலோரி, வெப்பமாகவே மாறுகிறது. 60 கிலோ உடலின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் உடலின் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கும்! நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரியை உள்ளுறை வெப்பமாக எடுத்துச் செல்கிறது. அந்த வெப்பம் முழுவதையும் வியர்வையாலேயே போக்குவதென்றால், மூன்று லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. அதனால் உடல் குளிர்வதில்லை. வேலூர் வெயிலில், காலை பத்து மணிக்குக் கொடியசைத்து ஓட்டத்தைத் தொடங்கிவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இக்கணக்கே சொல்லும்.

மூன்றாவது விசை. ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் மீது உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தாக்குகிறது. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்றாலும் நாற்பத்திரண்டாயிரம் தாக்குதல்கள்! மென்மையான அடித்தட்டுள்ள காலணி, பாதம் தரையில் அமரும் நேரத்தைச் சற்று நீட்டி விசையைக் குறைக்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் உருவாகும் தோல் காலணிகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன; ஆனால் அலுவலகத்துக்கு அணியும் கெட்டித் தோல் காலணி ஓட்டத்துக்கு உதவாது. காலணியைவிட முக்கியமானது எலும்பும் தசைநாணும். இதயமும் தசையும் விரைவில் பழகிவிடும். எலும்பு மெதுவாகத்தான் பழகும். அதனால்தான் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இடையிடையே ஓய்வும் வேண்டும்.

இதற்கு நம் ஊர்த் தொழிலிலேயே உவமை உண்டு. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதனிடும் பழைய முறையில் முதலில் வீரியம் குறைந்த சாற்றில் ஊறவைப்பார்கள். பிறகு படிப்படியாக வீரியம் மிகுந்த தொட்டிகளுக்கு மாற்றுவார்கள். எடுத்த எடுப்பிலேயே கடும் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிவிடும். உள்ளே பச்சைத் தோலாகவே இருக்கும். அவசரப் பயிற்சியும் அத்தகையதே.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்சை நினைத்துப் பாருங்கள். புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்த அவர், அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓட முடிவு செய்தார். உடனே புறப்பட்டுவிடவில்லை. பதினான்கு மாதங்களில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகினார். 1979-இல் ஒரு நெடுந்தூரப் போட்டியில் கடைசியாக வந்தும் மனம் தளரவில்லை. 1980 ஏப்ரல் 12 அன்று தொடங்கி 143 நாள்களில் 5,373 கி.மீ. ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூனில், 22 வயதில் மறைந்தார். அதற்குள் 24 மில்லியன் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது: கனடாவின் மக்கள்தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர் வீதம்! மக்கள் நம்பிக் கொடுத்தது அவருடைய ஒருநாள் ஆர்வத்துக்கு அன்று, நாள்தோறும் காட்டிய உறுதிக்கு.

அப்படியானால் நாமும் நாளைக்கே தொடங்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பெருநகர மாரத்தான்கள் பலவற்றில் முழுத் தூரம் ஓட 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. 2006-இல் ஒடிசாவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை 65 கி.மீ. ஓடவைத்தார்கள், அவன் நிலைகுலைந்து விழுந்தான். அதைச் சாதனை என்று கைதட்டியவர்களை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

உங்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. பதினான்கு மாணவர்கள் சேருங்கள். ஆளுக்கு மூன்று கிலோமீட்டர் தொடர் ஓட்டமாக ஓடினால், முழு மாரத்தான் தூரத்துக்கு ஏறக்குறைய இருநூறு மீட்டர்தான் குறையும். அதைக் கடைசி மாணவர் சேர்த்து ஓடிவிடலாம். மருத்துவரிடம் உடலைக் காட்டிக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் மூன்று மாதம் பழகுங்கள், விடியற்காலையில் ஓடுங்கள், தாகத்துக்கு ஏற்ப நீர் அருந்துங்கள், அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டாம். திரட்டிய பணத்தின் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் காசு விடாமல் எழுதி வையுங்கள். கொடுத்தவருக்கு உங்கள் கால்களின் மீதும் கணக்கின் மீதும் ஒருசேர நம்பிக்கை பிறந்தால், அடுத்த ஆண்டு நீங்கள் கேட்காமலே கொடுப்பார்.