கல்லாய்ச் சமைந்த மரம்

பொறுமையைப் பற்றி நமக்கு உபதேசம் செய்யாதவர்கள் கிடையாது. அந்த உபதேசங்களைப் பொறுமையோடு கேட்பதுதான் கஷ்டம்! ஆனால் வாய் திறவாமலே பொறுமையைப் போதிக்கும் ஆசிரியர் ஒருவரைச் சமீபத்தில் தரிசித்தோம். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில், ஓர் ஓடையில் அவர் படுத்திருக்கிறார். நீளம் சுமார் 60 அடி. வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு.

ஆம், அது ஒரு மரம். கல்லாய்ச் சமைந்த மரம். 1940-ம் வருஷத்தில் நிலவியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். இன்று கிழக்கே வெகு தூரம் விலகியிருக்கும் கடல், அக்காலத்தில் இந்தப் பிரதேசம் வரையில் பரவியிருந்தது. ஆற்றோடு வந்த மரம் கடல் மணலில் புதைந்தது. காற்றுப் படாததால் உடனே மக்கவில்லை. மணலூடே கசிந்த நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் நுண்ணறைகளில் அணு அணுவாகப் படிய வைத்தது. மரம் போயிற்று, வடிவம் நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: முதற்பார்வையில் ஏமாற்றமே அடைந்தோம். "இதற்காகவா இவ்வளவு தூரம்?" என்று தோன்றிற்று. ஆனால், பேசாமல் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு, கல்லில் நாரோட்டம் தெரிந்தது. அவசரக்காரனுக்குப் பாறை, காத்திருப்பவனுக்கு மரம்!

அங்கிருந்து காரை என்னும் ஊருக்குச் சென்றோம். மழையில் அரிபட்ட களிமண் மேடுகளில் பழங்காலக் கடற்பிராணிகளின் சுவடுகள் கிடக்கின்றன. அவற்றுள் சுருள் வடிவான அம்மோனைட்டு, நம் பூஜை அறைச் சாளக்கிராமத்துக்கு உறவுமுறை. அந்த இனமே 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போயிற்று.

அப்படி ஒரு சிறு சுருளை எடுத்து, யாரும் பார்க்காதபோது சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். பத்தடி நடப்பதற்குள் அது பாறாங்கல்லாய்க் கனத்தது.

அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கண்டிருந்தோம். அந்தக் கல்லிலும் பழைய கடலின் சிப்பிகள் நிறைய உண்டு. அதைச் சுட்டுத்தான் சிமெண்டு ஆக்குகிறார்கள். சிமெண்டு வீட்டில் குடியிருக்கும் நமக்கு ஆலைகளைத் தூஷிக்க வாயில்லை. ஆனால், கோடி ஆண்டுகளில் சேர்ந்த சொத்தை ஒரு தலைமுறையில் செலவழிக்கிறோம் என்ற நினைவாவது வேண்டாமா? அதோடு, தேவை எது, ஆசை எது என்று பிரித்தறியவும் வேண்டாமா? வீடு தேவை. சட்டைப் பையில் கிடந்த கல்லோ வெறும் ஆசை.

மேலும், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அந்தச் சுருளின் ஜாதகம். இடம் பெயர்ந்தால், அதன் கதையைப் படிக்க வருகிறவனுக்கு அது பாதி ஊமை. திரும்பிச் சென்று, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால், வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணால் அள்ளிக்கொள்ளலாம். ஓடைக்கரையிலோ, கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் போதும்.