விலகவும் உரிமை உண்டு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் கீபோர்டு, கராத்தே, அபாகஸ் என்று வகுப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளை ஆசையோடு சேர்வதை மெச்சுகிறோம். மூன்றாம் மாதம் "வேண்டாம்" என்றால் வெகுண்டெழுகிறோம். "தொட்டதை முடிக்காதவன் எதில் உருப்படுவான்?" என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று.

துறவற வாழ்வை நாடி வருவோரைத் திருச்சபை எவ்வாறு நடத்துகிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நவதுறவுக்கு 12 மாதங்களை வரையறுக்கிறது. அக்காலத்தில் நவதுறவி தம் விருப்பப்படி விலகிச் செல்லலாம் என்று 653ஆம் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. முதல் வார்த்தைப்பாட்டிற்கு 18 வயதேனும் நிறைந்திருக்க வேண்டும். வாழ்நாள் அர்ப்பணத்திற்கே சோதித்தறியும் காலமும் திறந்த வாயிலும் உண்டென்றால், 9 வயதுச் சிறுமிக்குக் கீபோர்டு ஆயுள் தண்டனை ஆவது ஏன்? லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் எட்டாம் நிலைவரை அவள் ஏறித்தான் ஆகவேண்டுமா? (ஏறினால் யாருக்குப் பெருமை என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்வோம்.)

விலக வழியில்லை என்று கண்ட பிள்ளை அடுத்த வகுப்பின் வாசலை மிதிக்கவே அஞ்சும். அல்லது தலைவலி என்று பொய் சொல்லப் பழகும்.

கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடற்குழுவுடன் வாசிப்பதாக ஒப்புக்கொண்ட பிள்ளை, விழா முடியும்வரை வாசிக்கட்டும். அது பிறருக்குக் கொடுத்த வாக்கு. கட்டணம் வீணாயிற்றே என்பாருக்கு ஒன்று சொல்வோம்: தனக்கு எது ஒவ்வாது என்று அறிந்ததும் அப்பணத்தால் பெற்ற கல்வியே. அடுத்து அவள் கால்பந்து கேட்டால், கீபோர்டைக் குத்திக்காட்டாமல் சேர்த்துவிடுவோம்.