இரண்டு மாத்திரை, ஒரு காலண்டர்

சகோதரிகளே, "கணையத்தில் கட்டி" என்று டாக்டர் வாயிலிருந்து வந்ததுமே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுகிறது. கணையப் புற்றுநோய் என்றால் மாதக் கணக்குத்தான் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? ஆனால் கணையத்தில் வருகிற கட்டிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணையத்துக்கு இரண்டு வேலை. சாப்பாடு ஜீரணமாக நீர் சுரப்பது ஒன்று. இன்சுலின் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுவது இன்னொன்று. நாம் பயப்படுகிற பொல்லாத வகை, பெரும்பாலும் ஜீரண நீர் ஓடும் குழாய்களில் உண்டாவது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உண்டாவதை 'நியூரோ எண்டோகிரைன்' கட்டி என்கிறார்கள். இது அபூர்வம், பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். ஆப்பிள் கம்பெனியை உருவாக்கிய ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கண்டுபிடித்தது இந்த வகைதான். அவர் 2011 வரை இருந்தார். ஆகவே பயாப்சி ரிப்போர்ட் வந்ததும், "எந்த வகை டாக்டர்? எந்த கிரேடு? கி-67 எவ்வளவு?" என்று தைரியமாகக் கேளுங்கள். கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் எண் அந்த கி-67.

எங்கள் பெரிய நாத்தனாருக்கு வந்தது இந்த வகைதான். கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் ஆபரேஷனுக்கு வழியில்லை. அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டு மருந்து: கேப்சைட்டபின், டெமோசோலமைடு. இரண்டுமே வாயால் சாப்பிடுவது. அதாவது, ஆஸ்பத்திரி நர்ஸ் செய்கிற வேலையில் பாதி நம் சமையலறைக்கு வந்துவிடுகிறது.

ஏன் இரண்டு? டெமோசோலமைடு, புற்றுநோய்ச் செல்லின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. துணியைக் கிழிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு தையல்காரர் உண்டு, கிழிசலைத் தைத்துவிடுவார். எம்.ஜி.எம்.டி. என்பது அந்த நொதியின் பெயர். கேப்சைட்டபினை முதலில் சில நாள் கொடுத்தால் அந்தத் தையல்காரரின் கை தளர்ந்துவிடும், அப்புறம் மற்றதைக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்பதுதான் கணக்கு. எது முதலில், எது பிறகு என்கிற வரிசைக்கு அதனால்தான் இவ்வளவு முக்கியத்துவம்.

இது வெறும் யோசனையோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் நோய் முற்றிய 144 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டெமோசோலமைடு மட்டும், மற்றதற்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். ஒரே மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் மேலும் வளராமல் நின்ற காலம் நடுத்தரமாக 14.4 மாதம், இரண்டும் சாப்பிட்டவர்களுக்கு 22.7 மாதம். ஆனால் மொத்த ஆயுளைப் பார்த்தால் 53.8 மாதம், 58.7 மாதம். இதை நிச்சயமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். கடுமையான பக்க விளைவுகளும் கூட்டு மருந்தில்தான் அதிகம்: நூற்றுக்கு 45 பேருக்கு, ஒற்றை மருந்தில் 22 பேருக்கு. ஆக, நோயை வேரோடு எடுக்கிற மருந்து இல்லை இது. நல்ல நாட்களை நீட்டித் தருகிற மருந்து. அதைப் புரிந்துகொண்டு ஆரம்பித்தால் மனசு ஏமாறாது.

இனி காலண்டர். ஒரு சுற்று 28 நாள். 1 முதல் 14-ம் நாள் வரை கேப்சைட்டபின், காலையும் ராத்திரியும், சாப்பிட்டு அரை மணிக்குள். 10 முதல் 14 வரை அதோடு டெமோசோலமைடும், தினம் ஒரு வேளை. 15 முதல் 28 வரை இரண்டும் கிடையாது. இது வழக்கமான முறை. அளவை அவரவர் உயரம், எடை பார்த்து டாக்டர் தீர்மானிப்பார். நான் மாதக் காலண்டரில் ஒன்றுக்குப் பச்சை வட்டம், மற்றதற்குச் சிவப்பு வட்டம் போட்டு வைத்தேன். பச்சையும் சிவப்பும் சேர்கிற அந்த ஐந்து நாளில்தான் கவனம் தப்பும். ஒன்று சாப்பிட்ட வயிற்றுக்கு, மற்றது வெறும் வயிற்றுக்கு! அதனால் ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு, உடனே கேப்சைட்டபின். பத்து மணிக்கு முன்னால் வாந்தி நிற்கும் மாத்திரை, படுக்கும்போது டெமோசோலமைடு என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டோம்.

கேப்ஸ்யூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கக் கூடாது. அப்படியே விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும், வாந்தியில் போனாலும், நாமாக இன்னொன்று கொடுக்கக் கூடாது. கர்ப்பமான பெண்கள் இந்த மாத்திரைகளைக் கையால் தொடவே வேண்டாம். மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் அவசியம் சொல்லிவிட வேண்டும்.

எதைக் கவனிப்பது? உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்பு, எரிச்சல், தோல் உரிதல். வாய்ப்புண். பேதி. வழக்கத்தைவிட நாலு தடவை கூடிவிட்டால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். மாத்திரை இல்லாத நாட்களில் ஆள் தெம்பாகத் தெரிவார். ஆனால் ரத்த அணுக்கள் குறைவது பெரும்பாலும் அப்போதுதான். அதனால் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தட்டக் கூடாது.

இன்னொரு விஷயம். நம் பெண்களுக்கு உபாதையை மறைக்கிற பழக்கம் உண்டே! மூன்றாம் சுற்றில் நாத்தனாருக்கு வாய் முழுக்கப் புண். மோரும் சாதமும் விழுங்க முடியாமல், "பசிக்கலை" என்றே மூன்று நாள் ஓட்டிவிட்டார். "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களே, அப்புறம் கட்டி வளர்ந்துடுமே" என்பது அவர் பயம். டாக்டர் கேட்டுவிட்டுக் கோபிக்கவில்லை. ஒரு வாரம் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். "அளவைக் குறைப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி அம்மா, தோல்வி இல்லை" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு முழு அளவு சாப்பிட்டு நடுவில் படுத்துவிடுவதைவிட, தாங்குகிற அளவில் தொடர்ந்து சாப்பிடுவது மேல்.

ஆகவே நோயாளியிடம் "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "வாயைத் திறங்க, பார்க்கலாம். கையைக் காட்டுங்க. இன்னிக்கு எத்தனை தடவை போனீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் காலண்டர் கட்டத்திலேயே குறித்து, அதை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். வட்டம் இல்லாத அந்த இரண்டு வாரத்தில், டாக்டர் சரி என்றால், பேத்தியைப் பார்க்கவோ கோயிலுக்கோ அழைத்துப் போங்கள். இத்தனை மாத்திரையும் அந்த நாட்களுக்காகத்தானே!