பழைய நோட்டை லெமினேட் செய்யாதீர்கள்

"லெமினேட் பண்ணி வச்சிட்டா நூறு வருசத்துக்கும் ஒன்னும் ஆகாது." உடப்புசல்லாவைப் பக்கம் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் பலரும் நம்பும் பேச்சு இது. தாத்தா விட்டுப்போன ஜோர்ஜ் மன்னர் நோட்டையும் மகாராணி நோட்டையும் போட்டோகொப்பி கடையில் கொடுத்துச் சூடுகாட்டி ஒட்டிவிடுகிறார்கள். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

லெமினேட் உறையின் உட்பக்கம் முழுக்கப் பசை. 100 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் அது உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. விரலால் தடவினால் தட்டுப்படும் அச்சு மேடு உருளையில் நசுங்கும். 1942இல், யுத்தகால உலோகத் தட்டுப்பாட்டில் வந்த ஐந்து சத நோட்டைப் பாருங்கள். நடுவே ஊசித்துளை வரிசை இருக்கும். அதன் வழியே கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். அந்தத் துளைகளைப் பசையால் அடைத்துவிட்டு எதைக் காப்பாற்றினோம்? சேகரிப்பவர் அதற்கு நல்ல விலை தரவும் மாட்டார்.

ஈரம் அண்டாது என்கிறார்கள். வடகீழ்ப் பருவ மழையிலும் மூடுபனியிலும் அலுமாரித் துணியே பூசணம் பிடிக்கிற ஊர் இது. தாள் ஏற்கெனவே உறிஞ்சிய ஈரத்தோடுதான் உறைக்குள் போகிறது. ஓரம் பிரிந்தால் வெளி ஈரமும் புகும். புகுந்தது லேசில் காயாது.

பிளாஸ்டிக் நோட்டுக்குப் பயமில்லையாம். 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த 200 ரூபாதான் இலங்கையின் முதல் பிளாஸ்டிக் நோட்டு. கடும் சூட்டில் அது சுருங்கிப்போகும்.

அதற்காக மலிவான பீவீசீ அல்பத்துக்கும் போகாதீர்கள். நாளடைவில் அது பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். ஒரு பக்கம் திறந்த பொலியெஸ்டர் உறையே நல்லது. லயத்து வீட்டில் அடுப்புப் புகை படாத, வெளிச்சுவரை ஒட்டாத இடத்தில், மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு படுக்கையாக வையுங்கள். செலோடேப், இறப்பர் வளையம், குண்டூசி எதுவும் கிட்டே வரக்கூடாது. தேயிலையின் மணம் கூடும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து, பொட்டலத்தை மாற்றுங்கள்.

ஏற்கெனவே லெமினேட் செய்த நோட்டா? பிளேடு போட்டுப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.